ஒரு வண்டிக்கு மட்டும் பொருந்தும் பாகம்

1908-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயச் சாலையில் மூன்று காடிலாக் கார்களை முழுதாகக் கழற்றிப் பாகங்களை ஒரே குவியலாகக் கலந்துவிட்டார்கள். பிறகு அந்தக் குவியலிலிருந்து மூன்று கார்களை மறுபடியும் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றுக்கு டூவர் கோப்பை கிடைத்தது இந்தச் சோதனையால்தான். எந்தப் பாகமும் எந்த வண்டிக்கும் பொருந்தும், அரத்தால் ராவிப் பொருத்த ஓர் ஆள் வேண்டாம் என்பதை உலகுக்கு நிரூபித்த நாள் அது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஃபோர்டின் டி மாடல் ஒன்றரைக் கோடி விற்றதும் அதே அடிப்படையில்தான். ஆனால் இப்படிப் பிறந்த கார்கள் கப்பலேறி மதுரைப் பக்கம் வந்து நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஓடியபோது நடந்தது இதற்கு நேர்மாறு. தொழிற்சாலைப் பாகம் தேய்ந்தது. மாற்றுப் பாகம் வரவில்லை. வெளி வீதிகளை ஒட்டிய சந்துகளில் லேத் போட்டிருந்தவர்கள் அந்த வண்டிக்கென்றே ஒன்றைக் கடைந்து கொடுத்தார்கள். அந்தப் பாகம் அந்த ஒரு வண்டிக்குத்தான் பொருந்தும். அதே மாடல், அதே வருடத்து வண்டி பக்கத்திலேயே நின்றாலும் அதில் ஏறாது.

இன்று பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஆர்வம் தமிழ்நாட்டில் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. கோயம்புத்தூரில் 2015-இல் திறந்த ஜீடி கார் அருங்காட்சியகம், சென்னையில் ஏவிஎம் வளாகத்துக் கார் காட்சிக்கூடம், ஆண்டுதோறும் நடக்கும் ஊர்வலங்கள் எல்லாம் அதற்குச் சான்று. இந்த ஆர்வத்தோடு ஒரு பழக்கமும் சேர்ந்து வளர்ந்திருக்கிறது. வண்டியைக் கழற்றியதும் உள்ளூர்ப் பட்டறையில் செய்த பாகங்களை ‘டூப்ளிகேட்’ என்று ஒதுக்கிக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இப்போது புதிதாக வார்த்து விற்கும் நகல் பாகங்களை வரவழைத்துப் பூட்டுவது. இதைச் செய்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். வண்டியை அதன் பிறந்த நாளுக்குத் திருப்பிக் கொண்டுபோவதாக நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு என்பதே என் வாதம். மதுரை வட்டாரத்தில் ஓடிய ஒரு காரில் உண்மையான வரலாற்றுச் சான்று என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், அது இங்கே கடைந்தும் வார்த்தும் பூட்டிய பாகம்தான். டெட்ராய்ட்டில் செய்த பாகம் டெட்ராய்ட்டின் கதையை மட்டுமே சொல்லும். அந்தக் கதையைச் சொல்ல உலகெங்கும் லட்சக்கணக்கான வண்டிகள் இருக்கின்றன.

இதை நிறுவ, மதுரை எப்படி இந்தத் தொழிலுக்கு ஊரானது என்று பார்க்க வேண்டும். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது கிடைத்த நிலத்தில் உருவானவை வெளி வீதிகள். பழைய ஊரின் உள்வீதிகளைப் போல் கோயிலோடும் குலத்தோடும் பிணைந்தவை அல்ல. அகலமானவை, வண்டி திரும்ப இடமுள்ளவை. 1875-இல் திருச்சியிலிருந்து ரயில் வந்தது. 1892-இல் ஹார்வி சகோதரர்கள் ரயில் நிலையத்தை ஒட்டி மதுரா மில்லைத் தொடங்கினார்கள். நீராவி எஞ்சினும் ஆயிரக்கணக்கான கதிர்களும் ஓடும் ஒரு நூற்பாலைக்குத் தினமும் ஏதாவது ஒரு பாகம் உடையும். மான்செஸ்டரிலிருந்து வரும்வரை காத்திருக்க முடியாது. ஆகவே டர்னர், ஃபிட்டர், வார்ப்படக்காரர் என்ற வகுப்பு மோட்டார் வருவதற்கு முன்பே இந்த ஊரில் இருந்தது. பெரியாற்றுத் தண்ணீர் 1895-இல் வைகைக்குத் திரும்பியபின் மேலூர்ப் பக்கம் வரை நெல் விளைந்தது. காலப்போக்கில் அரிசி ஆலைகளும் ஆயில் எஞ்சின்களும் வந்தன. நெல்லறுவடைக் காலத்தில் ஓர் எஞ்சின் நின்றுபோனால் ஊரே வந்து பட்டறை வாசலில் நிற்கும். லேத் பட்டறைகளுக்குச் சோறு போட்டவை இந்த எஞ்சின்களும் பிறகு வந்த பம்புசெட்டுகளும்தான். கார் எப்போதாவது வரும் விருந்தாளி.

இந்த ஊருக்குத்தான் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் வந்து 1911-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே பேருந்து ஓடியது. டி.வி.எஸ். வண்டி வருவதைப் பார்த்துக் கடிகாரம் திருத்திக்கொண்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்காத மதுரைக்காரர் இருக்க மாட்டார். நேரம் தவறாமை என்பதை ஒழுக்கத்தின் கதையாகவே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அதன் இன்னொரு பாதி பணிமனை. அன்றைய சாலை கப்பிச் சாலை. மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் வழியெல்லாம் கிடந்து டயரைக் குத்தும். அவற்றைப் பொறுக்க வண்டியில் காந்தம் கட்டிச் சாலையில் ஓடவிட்டதாக நினைவுகூர்கிறார்கள். ஒரு நிறுவனம் சாலையைக்கூடத் தன் பராமரிப்புக்குள் எடுத்துக்கொள்ளத் துணிந்தது என்றால், வண்டியின் பாகங்களை அது எப்படிப் பார்த்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் கார்களைப் பூட்டத் தொடங்கியது. தென்னாட்டில் அதன் பெரிய விற்பனையாளர் டி.வி.எஸ். செவர்லே கார்களும் லாரிகளும் மதுரைச் சமவெளி எங்கும் பரவியதற்கு அதுவே காரணம். ஜமீன்தார்களின் வீடுகளிலும் செட்டிநாட்டு மாளிகைகளிலும் அமெரிக்கக் கார் இங்கிலீஷ் காரைவிட அதிகம் நின்றதும் அதனால்தான். அமெரிக்கக் கார் தரையிலிருந்து உயரம். வில் தட்டுகள் தடிப்பு. நம் வண்டிப்பாதைக்குத் தாங்கியது.

இரண்டாம் உலகப் போர் இந்த ஊரின் பட்டறைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமாக அமைந்தது. 1941-இல் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. டி.வி.எஸ். தானே ஒரு கரிவாயுக் கலனை வடிவமைத்துத் தயாரித்தது. வண்டியின் பின்புறம் உருளை அடுப்பு, அதில் மரக்கரி, குறைந்த காற்றில் கரி கனலும்போது எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவே எரிபொருள். எஞ்சினின் வலு வெகுவாகக் குறையும், மேட்டில் முக்கி முனகும், ஆனாலும் வண்டி ஓடும். 1942-இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் ரப்பர் நின்றது; தேய்ந்த டயருக்கு மேல்தோல் போடும் தொழிலிலும் டி.வி.எஸ். இறங்கியது. கரிவாயு சும்மா வருவதில்லை. எத்தனை வடிகட்டி வைத்தாலும் சாம்பலும் தாரும் கொஞ்சம் எஞ்சினுக்குள் போகும். சிலிண்டர் சுவரும் பிஸ்டன் வளையமும் வேகமாகத் தேயும். அப்படித் தேய்ந்த சிலிண்டரை அகலக் கடைந்து (‘போர்’ போட்டு) பெரிய அளவு பிஸ்டன் பூட்டுவதும், ஸ்லீவ் என்ற உள்குழாய் இறக்குவதும் அன்றாட வேலையாயிற்று. அன்று அவர்கள் மனத்தில் இருந்தது ஒன்றே: நாளைக் காலை வண்டி புறப்பட வேண்டும்.

போர் முடிந்து கதவு திறக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வேறொன்று காத்திருந்தது. 1953-இல் சுங்கவரி ஆணையத்தின் (டாரிஃப் கமிஷன்) பரிந்துரைப்படி, இந்தியாவிலேயே படிப்படியாகக் கார் தயாரிக்கும் திட்டமுள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி என்று அரசு முடிவெடுத்தது. வெறுமனே பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. ஒரே வீச்சில் இந்தச் சமவெளியில் ஓடிய செவர்லேக்களும் ஃபோர்டுகளும் தாயற்றவையாயின. பாகம் இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும், அந்நியச் செலாவணி வேண்டும். ஒரு கிராமத்துப் பண்ணையாருக்கோ டாக்சிக்காரருக்கோ அது எட்டாக்கனி. புதிய கார் வாங்கலாம் என்றால் அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே 1930-களின் வண்டி 1960-களிலும் ஓடியது, ஓடியாக வேண்டியிருந்தது. அதே காலத்தில் டி.வி.எஸ். குழுமம் சென்னை பாடியில் சக்கரம், பிரேக், மின்கருவி, போல்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆலை கட்டியது. இந்தியாவின் உதிரிபாகத் தொழில் என்று இன்று நாம் பெருமைப்படுவதன் பெரிய கிளை அது. சிறிய கிளை மதுரைச் சந்துகளிலேயே தங்கிவிட்டது. பெரியது ஆயிரம் வண்டிகளுக்கு ஒரே பாகத்தைச் செய்தது, சிறியது ஒரு வண்டிக்கு ஒரு பாகத்தை. முதலாவதுக்கு வரலாறு எழுதியிருக்கிறார்கள்.

அந்தச் சிறிய கிளையின் வேலை எப்படிப்பட்டது என்று அருகில் போய்ப் பார்த்தால்தான் என் வாதம் பிடிபடும். 1950-களின் தொடக்கம் வரை செவர்லேயின் ஆறு சிலிண்டர் எஞ்சினில் கனெக்டிங் ராடுக்குத் தனி பேரிங் ஓடு கிடையாது; ராடின் வாயிலேயே ஒயிட் மெட்டலை ஊற்றிக் கடைந்திருப்பார்கள். வெள்ளீயம் பெரும்பங்கு, அஞ்சனமும் தாமிரமும் கொஞ்சம் சேர்ந்த மெத்தென்ற கலவை அது. தேய்ந்தால் எஞ்சின் தட்டும். புது ராடு வாங்கிப் போடுவதே கம்பெனி சொன்ன வழி. ராடு வராதபோது பட்டறையில் பழைய உலோகத்தை உருக்கி வடித்துவிட்டு, ராடின் வாயை அமிலத்தால் கழுவி, நவச்சாரம் தூவி, முதலில் வெள்ளீயத்தைப் பூசுவார்கள். இந்தப் பூச்சு சரியாகப் பிடிக்காவிட்டால் மேலே ஊற்றியது எல்லாம் சில நூறு மைலில் பொரிந்து விழும். இங்கேதான் கவனிக்க வேண்டும்: பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் கைவேலை இந்த ஊரில் தெருத்தெருவாக நடந்தது, அதே நவச்சாரம், அதே வெள்ளீயம், சூட்டின் பதத்தைக் கண்ணால் அறியும் அதே தேர்ச்சி. அமெரிக்கக் கையேட்டைப் படிக்காதவருக்கும் அந்த வேலையின் பாதி ஏற்கெனவே தெரிந்திருந்தது. பிறகு ராடைச் சூடேற்றி, நடுவில் உருளையை நிறுத்தி, கலவையை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். உருகியதற்குள் ஒரு காய்ந்த மரக்குச்சியை விட்டு எடுத்தால் பழுப்பாகக் கருக வேண்டும். தீப்பிடித்தால் சூடு அதிகம், நிறம் மாறாவிட்டால் போதாது. ஆறியபின் லேத்தில் கடைந்து, கிராங்கின் மேல் நீல மை தடவிப் பொருத்திச் சுற்றி, மை ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்டியால் சுரண்டி, மறுபடி பொருத்தி, மறுபடி சுரண்டி, இரண்டு தௌ இடைவெளி வரும்வரை விடுவதில்லை. ஒரு தௌ என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இப்படிப் பொருந்திய ராடு அந்தக் கிராங்கின் அந்த ஒரு கழுத்துக்குத்தான் சொந்தம். அதே எஞ்சினின் அடுத்த கழுத்துக்குக்கூட மாற்ற முடியாது.

அதே எஞ்சினின் டைமிங் பல்சக்கரம் இன்னொரு சான்று. சத்தம் குறைய வேண்டும் என்று செவர்லே அதைத் துணியும் பிசினும் அழுத்திய நாரால் செய்தது. ஒரு நாள் பற்கள் கொத்தாக உதிரும். வண்டி நடுவழியில் அப்படியே நிற்கும். மாற்றுக்கு ஹைலம் என்ற பிசின் தகட்டை அடுக்கிக் கடைந்து பல் வெட்டினார்கள். சிலர் அலுமினியத்தில் செய்தார்கள். பற்கள் சாய்வானவை, அந்தச் சாய்வின் கோணம் தெரிந்தால்தான் வெட்ட முடியும். கையேடு இல்லை, வரைபடம் இல்லை. உதிராமல் மிஞ்சிய பற்கள் உள்ள பகுதியைக் கார்பன் தாளின் மேல் வைத்து ஒரு வெள்ளைத் தாளில் உருட்டுவார்கள். பல்லின் முனைகள் சாய்கோடுகளாகப் பதியும். அந்தக் கோட்டின் கோணத்தை அளந்து அதன்படி பல் வெட்டும் எந்திரத்தை அமைத்தால் வேலை முடிந்தது. உடைந்த ஒரு பொருளிடமிருந்தே அதன் வடிவத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் இந்த அறிவை இன்று கணினியில் செய்கிறார்கள். அதற்கு நாம் பெரிய பெயர் வைத்திருக்கிறோம். சந்தில் நடந்தபோது அதற்குப் பெயரே இல்லாமல் போனது.

தொழிற்சாலைப் பாகம் எப்போதுமே மேலானது என்ற எண்ணத்தையும் சரிபார்க்க வேண்டும். 1930-களின் கார்களில் கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம், கார்புரேட்டர் உடல் போன்றவற்றைத் துத்தநாகக் கலவையில் அச்சு வார்த்தார்கள். அதில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டாலும் போதும், உள்ளிருந்தே நோய் பிடித்து, பல ஆண்டுகளுக்குப் பின் உப்பி, வெடித்து, கையில் எடுத்தால் நொறுங்கும். வெல்டிங் ஏறாது, சாலிடர் ஏறாது. உலகெங்கும் பழைய கார்க்காரர்களுக்கு இது தீராத தலைவலி. இங்கே அந்த நொறுங்கலை ஒட்டவைத்து மாதிரியாக்கி, உலோகம் ஆறும்போது சுருங்கும் அளவைக் கணக்கிட்டு மரத்தில் பேட்டர்ன் செதுக்கி, மண்ணில் அச்செடுத்துப் பித்தளையில் வார்த்தார்கள். பித்தளைக்கு நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சுருக்கம். இரும்புக்கு ஒரு பங்கு. இதை மறந்து செதுக்கிய பேட்டர்ன் எரிக்கத்தான் ஆகும். அப்படி வார்த்த பித்தளைக் கைப்பிடி இன்னும் நூறு ஆண்டு இருக்கும். உடற்சட்டமும் அப்படித்தான். 1935-க்கு முன் பல அமெரிக்கக் கார்களின் உடல் மரச்சட்டத்தின் மேல் அறைந்த இரும்புத் தகடு. அந்த ஊர் ஆஷ் மரம் நன்றாக வளையும், அதிர்ச்சி தாங்கும், ஆனால் நம் கரையானுக்கும் மழைக்கும் தாங்காது. தேக்கில் மாற்றினார்கள் நம் தச்சர்கள். அவ்வளவாக வளையாத மரம் என்பதால் வளைவுகளைத் துண்டுதுண்டாகச் சேர்த்துக் கோத்தார்கள். கதவைத் திறந்து உள்சட்டத்தைப் பார்த்தால் அந்த இணைப்புகள் தெரியும். அது ஆஷ் சட்டத்தின் போலி அல்ல. இந்த மண்ணுக்கு அந்த வண்டி கொடுத்த பதில்.

இதற்கு முதலில் வரும் எதிர்வாதம் வலுவானது. பழைய பொருளின் மதிப்பே அதன் அசல் தன்மையில் இருக்கிறது. அசலை அசலாகக் காட்டாத வண்டி வரலாற்றைத் திரித்துக் காட்டுகிறது என்பார்கள். உலகப் பழைய வாகனச் சங்கமான ஃபிவா ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் இதற்குத் துணை வருவதுபோல் தோன்றும். ஆனால் நினைவுச்சின்னங்களுக்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தை அடியொற்றி எழுந்த அந்தச் சாசனம், வாகனம் உழைத்த காலத்தின் சுவடுகளையும் அதன் வரலாறாகவே மதிக்கச் சொல்கிறது. புதிதாகச் சேர்த்தது எது என்று பிற்காலத்தார் அறிய வழி வைக்கவும் சொல்கிறது. இந்த அளவுகோலை நேர்மையாக வைத்தால், 1958-இல் மதுரையில் ஊற்றிய ஒயிட் மெட்டல் வண்டியின் அசல் வாழ்வைச் சேர்ந்தது. சென்ற ஆண்டு ஓஹையோவிலிருந்து வந்த பளபளப்பான நகல்தான் அந்நியச் சேர்க்கை. நம் நாட்டுச் சட்டமும் இந்த இடத்தில் தெளிவாக இல்லை. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி, முதல் பதிவு ஆகி 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண் தருகிறது. சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது. போர் போட்டு ஸ்லீவ் இறக்கிய எஞ்சின் மாற்றமா, பராமரிப்பா? தேக்குச் சட்டம் மாற்றமா, பழுதுபார்ப்பா? வடிவமும் வேலையும் அப்படியே இருக்கப் பொருள் மட்டும் மாறினால் அதைப் பராமரிப்பு என்றே கொள்ள வேண்டும் என்பது என் துணிபு. பெட்ரோல் எஞ்சினையே கழற்றிவிட்டுச் சென்னை சிம்சன் செய்த பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினைப் பூட்டிய வண்டிகளும் பல உண்டு. அவையும் வரலாறுதான், ஆனால் அவற்றை விதி விலக்குவதில் எனக்கு வழக்கில்லை. பாகத்தை மீண்டும் செய்வதும் எஞ்சினையே மாற்றுவதும் ஒன்றல்ல என்ற வேறுபாடு விதியில் எழுத்தாக இருந்தால் போதும்.

இரண்டாவது எதிர்வாதம் உயிர் சம்பந்தப்பட்டது. இதை நான் அப்படியே ஏற்கிறேன். சந்துப் பட்டறையில் எஃகின் தரத்தைச் சோதிக்க வழியில்லை. பழைய லாரி ஆக்ஸிலை வாங்கிக் கடைந்தால் நல்ல எஃகு கிடைக்கும் என்ற அனுபவ அறிவு பெரும்பாலும் சரி. ஆனால் அந்த ஆக்ஸிலுக்குள் ஏற்கெனவே ஓடும் மயிரிழை விரிசலைக் கண் பார்க்காது. ஸ்டியரிங் இணைப்பு, முன் சக்கர முளை, பிரேக் குழாய் ஆகியவற்றில் உள்ளூர்ப் பழம்பாகம் இருந்தால் கழற்றி, சோதனைச்சாலைச் சான்றோடு வந்த புதிய பாகத்தைப் போடத்தான் வேண்டும். நம் ஊரில் இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து பூட்டியது. தேரின் புனிதம் குறைந்ததாக யாரும் வழக்காடவில்லை; வடம் பிடிக்கிறவர்கள் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். ஆனால் அந்த நியாயம் பிரேக்குக்குப் பொருந்துவதுபோல் கதவுக் கைப்பிடிக்குப் பொருந்தாது. பாதுகாப்பைக் காரணம் காட்டி வண்டி முழுவதையும் புதுசாக்குகிறவர்கள் ஒரு நல்ல காரணத்தை அதன் எல்லை தாண்டி இழுக்கிறார்கள். கழற்றிய ஸ்டியரிங் பாகத்தைக்கூடக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை. சீட்டெழுதிக் கட்டி வண்டியோடு வைத்திருக்கலாம்.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள், சொல்லவும் வேண்டும்: பற்றாக்குறையைப் போற்றாதே. உரிம ஆட்சியின் தவறான கொள்கைகள் மக்களை அலைக்கழித்தன; ஒரு பல்சக்கரத்துக்காக டாக்சிக்காரர் வாரக்கணக்கில் வருமானம் இழந்தார்; பட்டறையில் வேலை செய்தவர் கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல், அமிலப் புகையில், ஈயப் புகையில் உடம்பைக் கெடுத்துக்கொண்டார்; பள்ளிக்கூடம் போக வேண்டிய பையன் எண்ணெய்க் கையோடு நின்றான். இவை அனைத்தும் உண்மை. அந்தக் காலம் திரும்ப வர வேண்டும் என்று ஒருவரும் ஆசைப்பட முடியாது. ஆனால் ஒரு துன்பம் எப்படிக் கடக்கப்பட்டது என்பதைப் பதிந்துவைப்பது அந்தத் துன்பத்துக்குப் பாராட்டு ஆகாது. உண்மையில், பாகங்களைத் தூக்கி எறிந்து வண்டியை டெட்ராய்ட் நிலைக்குக் கொண்டுபோகிறவர்தான் அந்தத் துன்பத்தை மறைக்கிறார். கண்காட்சியில் நிற்கும் மாசுமருவற்ற 1937 செவர்லேயைப் பார்க்கும் ஒரு மாணவிக்கு, அந்த வண்டி 1942-ஐயும் 1953-ஐயும் எப்படித் தாண்டியது என்று தெரிய வழியே இல்லை. அந்த வண்டிக்கு உடம்பைத் தேய்த்துக்கொண்டவரின் ஒரே கையெழுத்து அந்தப் பாகத்தில்தான் இருக்கிறது. அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இப்போது புதிய கருவிகள் வந்துவிட்டன. உடைந்த பாகத்தை ஒளிக்கதிரால் அளந்து, கணினியில் வடிவம் எடுத்து, முப்பரிமாண அச்சில் மாதிரி செய்து, அதையே பேட்டர்னாக வைத்து வார்க்கலாம். கையால் செதுக்க ஒரு வாரம் ஆகும் வேலை ஒரு நாளில் முடிகிறது. இதை நான் மனமார வரவேற்கிறேன். மதுரையின் கப்பலூர், புதூர் தொழிற்பேட்டைகளில் இதற்கான திறன் இருக்கிறது. வேலையின் தன்மை மாறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன். எவ்வளவு சுருங்கும் என்ற கணக்கும், மெல்லிய சுவர்ப்பகுதியில் உலோகம் ஓடுமா என்ற தீர்ப்பும், எந்தப் பக்கம் வாய் வைத்து ஊற்றுவது என்ற முடிவும் இன்னும் வார்ப்படக்காரர் தலையில்தான். இதே மாநிலத்தில் பொன்மலை ரயில்வே பட்டறை, நீலகிரி மலை ரயிலுக்காக சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் வடிவமைத்த எக்ஸ் வகை நீராவி எஞ்சினைத் தானே புதிதாகக் கட்டியிருக்கிறது. பழைய எஞ்சின்களைப் பல பத்தாண்டுகள் பழுதுபார்த்த கைகளின் அனுபவம் இல்லாமல் அது நடந்திருக்காது. ஒரு பாகத்தைத் திரும்பத் திரும்பச் செய்து செய்து, கடைசியில் முழு எஞ்சினையே செய்யும் நிலைக்கு ஒரு பட்டறை வருகிறது. இந்த அறிவுத் தொடர்ச்சியைத்தான் நாம் கார்களின் விஷயத்தில் அறுத்துக்கொண்டிருக்கிறோம்.

அறுபடுவது எங்கே என்றும் சொல்லிவிடலாம்: பேட்டர்னில். பாகம் வண்டியோடு போய்விடுகிறது. பேட்டர்ன் பட்டறையில் தங்குகிறது. தேக்கிலும் மஞ்சக்கடம்பிலும் செதுக்கி, சிவப்போ கறுப்போ வார்னிஷ் அடித்து, மேலே வண்டியின் பெயரைப் பென்சிலில் எழுதி, பரணில் அடுக்கிவைத்திருப்பார்கள். பட்டறைக்காரர் ஓய்ந்து, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய், இடம் விற்பனைக்கு வரும்போது இரும்பு எடைக்குப் போகிறது, மரம் அடுப்புக்குப் போகிறது. ஒரு பேட்டர்ன் எரிந்தால் அதிலிருந்து பிறந்திருக்கக்கூடிய எல்லாப் பாகங்களும் எரிகின்றன. இதைத் தடுக்கப் பெரிய செலவு வேண்டாம். மதுரையில் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. 1957-இல் தொடங்கிய தியாகராசர் கல்லூரி போன்ற ஒன்று தன் இயந்திரவியல் மாணவர்களை ஒரு பருவம் பட்டறை பட்டறையாக அனுப்பினால், பேட்டர்ன்களை ஒளிக்கதிரால் அளந்து, எந்த வண்டிக்கு, எந்த ஆண்டு, எந்த உலோகத்தில், யார் செதுக்கியது என்று எழுதிவைக்க முடியும். விஏ எண் வாங்க வரும் வண்டிக்கும், எந்தெந்தப் பாகம் உள்ளூரில் செய்தது, எந்த ஊரில், ஏறத்தாழ எந்தப் பத்தாண்டில் என்று உரிமையாளர் எழுதித்தர ஒரு தாள் சேர்க்கலாம். இன்று அந்தத் தாளை நிரப்பத் தெரிந்தவர்கள் மதுரையில் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. அவர்களிடம் கேட்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.